மீன் தொட்டியிலிருந்து கழனிக்கு

கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா அருகே உள்ளது ஆவளப்பாண்டி. நெல் வயல்களும் நீரோடைகளும் நிறைந்த அந்தக் கிராமம், 2020 நவம்பரில் திடீரென நாடறிந்த ஊராகிவிட்டது. ஓடை முழுவதும் இளஞ்சிவப்பு நிறத்தில் மலர்கள் பூத்துக் கம்பளம் விரித்தாற்போல் காட்சியளித்ததே அதற்குக் காரணம். கரோனா அச்சத்தில் வீட்டுக்குள் முடங்கியிருந்த மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே திரண்டனர். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த அழகைக் கொண்டாடின.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே, தாவரவியலாளர்கள் எழுப்பிய எச்சரிக்கைக் குரல் பலரது காதுகளில் விழவில்லை. கபோம்பா ஃபர்கேட்டா என்னும் அந்தச் செடி நம் மண்ணுக்கு உரியதன்று. மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. அலங்கார மீன் தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து வெளியேறி நீர்நிலைகளில் குடியேறியதாகக் கருதப்படுவது. உள்ளூர் மக்கள் அதற்கு 'முள்ளன் பாயல்' என்று பெயரிட்டிருக்கின்றனர். பறித்துச் செல்லாதீர்கள், வேறு நீர்நிலைகளில் போடாதீர்கள் என்று நிபுணர்கள் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒரு படையெடுப்பை நாடே திருவிழாவாகக் கொண்டாடிய விந்தை அது.

பூவைக் கண்டு மகிழ்ந்த மக்களைக் குறை கூறிப் பயனில்லை. அந்தச் செடி நாட்டுக்குள் எப்படி வந்தது, கடைகளில் எப்படி விற்பனையாயிற்று, விற்பனையைத் தடுக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகளுக்கு விடை கூற வேண்டியவர்கள் தில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் இருக்கின்றனர்.

கபோம்பாவின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் ஆபத்தின் அளவு விளங்கும். இது நீருக்கடியில் வளரும் செடி. விசிறி போல் நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகளைக் கொண்டது. மீன் தொட்டியில் வைத்தால் கண்ணுக்கு இனிமையாக இருக்கும், மீன் குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இடம் தரும், அதிகப் பராமரிப்பும் தேவைப்படாது. தொட்டியில் எவையெல்லாம் நற்குணங்களோ, அவையே ஓடையில் கேடாகின்றன. தண்டின் சிறு துண்டு ஒன்று கணுவோடு ஒடிந்து மிதந்தால் போதும், அது வேறோர் இடத்தில் வேரூன்றிப் புதிய செடியாகிவிடும். தொட்டியைக் கழுவி நீரைச் சாக்கடையில் கொட்டுபவர், தாம் ஒரு நாற்றங்காலுக்கு நாற்று அனுப்புவதை அறியமாட்டார்.

நெருக்கமாக வளரும்போது அது ஒளியை மறைத்து, நம் நாட்டு நீர்த் தாவரங்களை நலிவடையச் செய்கிறது. வாய்க்கால்களின் நீரோட்டத்தைத் தடுக்கிறது. பெருமளவில் மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவைக் குறைத்து மீன்களின் மூச்சை அடைக்கிறது. வலை வீசுபவருக்கும் வயலுக்கு நீர் பாய்ச்சுபவருக்கும் ஒரே நேரத்தில் பகையாகிறது. திருச்சூர் பகுதியின் கோள் நிலங்களிலும் இச்செடி பரவியிருப்பது பதிவாகியுள்ளது. கோள் நிலங்கள் சாதாரணச் சதுப்பு நிலங்கள் அல்ல. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட வேம்பநாடு - கோள் பகுதியின் அங்கம் அவை. ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களின் நெற்களஞ்சியமும் அவையே.

வந்த பிறகு அகற்றிவிடலாமே என்று எண்ணுவது எளிது. இயந்திரம் கொண்டு வெட்டினால் செடி துண்டு துண்டாகிறது, ஒவ்வொரு துண்டும் புதிய செடியாகிறது. களைக்கொல்லி தெளிக்கலாம் என்றால், அதே நீரில்தான் மீன் வளர்கிறது, அதே நீர்தான் வயலுக்குப் பாய்கிறது. சிறு குளமாயின் நீரை இறைத்துக் காயவிடலாம், ஓடும் ஓடையில் அதற்கும் வழியில்லை. இதன் உறவுச் செடியான கபோம்பா கரோலினியானாவை ஆஸ்திரேலியா 1999-லேயே தேசிய அளவில் கவனிக்கத்தக்க களையாக அறிவித்தது. அதை உண்ணும் ஒரு கூன்வண்டைத் தேடிக் கண்டுபிடித்து, பிற தாவரங்களைத் தீண்டாது என்பதை ஆய்ந்து உறுதி செய்து, குவீன்ஸ்லாந்து நீர்த்தேக்கம் ஒன்றில் விட முடிந்தது 2021-இல்தான். வளமும் ஆய்வு வசதியும் மிக்க ஒரு நாட்டுக்கே இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்தியாவுக்கு இது முதல் அனுபவமும் அன்று. ஆகாயத் தாமரையின் கதையை வங்கத்தின் அரசியல் வரலாறே சொல்லும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்துக்குள் வந்த அது, இருபது முப்பது ஆண்டுகளில் ஆறுகளையும் நெல் வயல்களையும் மூடிவிட்டது. படகுகள் நகர முடியவில்லை, பயிர் அழிந்தது. 1921-இல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1936-இல் வங்க ஆகாயத் தாமரைச் சட்டம் இயற்றப்பட்டது. தம் இடத்தில் அச்செடியை வைத்திருப்பதே குற்றம் என்று அச்சட்டம் கூறியது. 1937 மாகாணத் தேர்தலில் வங்கத்தை ஆகாயத் தாமரையிலிருந்து விடுவிப்போம் என்று கட்சிகள் தேர்தல் அறிக்கைகளில் வாக்குறுதி அளித்தன. ஆட்சிக்கு வந்த ஃபஸ்லுல் ஹக் அதற்காகப் பெரும் இயக்கமே நடத்தினார்.

ஒரு நீர்ச்செடி தேர்தல் பிரச்னையான காலமும் இந்நாட்டில் இருந்தது என்பதை இன்றைய அரசியல் தலைவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டமும் இயக்கமும் இருந்தும் ஆகாயத் தாமரை ஒழிந்துவிடவில்லை. இன்றும் அது வங்கத்திலிருந்து குமரி வரை ஏரிகளில் மிதந்துகொண்டிருக்கிறது. காலங்கடந்து வரும் சட்டம் எத்தனை கடுமையானதாக இருந்தாலும் பயன் குறைவு என்பதே அது கற்பிக்கும் முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தைக் கேரளமே தருகிறது. 1950-களில் அங்கு தென்பட்ட சால்வினியா என்னும் மிதக்கும் பெரணி, குட்டநாட்டின் நீர்வழிகளையும் வயல்களையும் ஆக்கிரமித்தது. மக்கள் அதை 'ஆப்பிரிக்கப் பாயல்' என்று அழைத்தனர். உண்மையில் அதன் தாயகம் ஆப்பிரிக்கா அன்று, தென்கிழக்குப் பிரேசில். பெயர்ப் பிழையோடு இது முடிந்திருந்தால் கவலையில்லை. விஞ்ஞானிகளே நீண்ட காலம் அதை வேறோர் இனமாகக் கருதினர். 1970-களில் அதை அழிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு வெட்டுக்கிளி இனம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அது தனி இனம் என்பது 1972-இல் தெளிவாயிற்று, 1978-இல் அதன் தாயகம் கண்டறியப்பட்டது. அங்கே அதை உண்டு வாழ்ந்த கூன்வண்டு அதன்பின்னரே கிடைத்தது. அந்த வண்டு முதலில் ஆஸ்திரேலியாவில் வெற்றி கண்டு, பின்னர் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டு, 1980-களில் கேரளத்தில் விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே குட்டநாட்டின் பெரும்பகுதி மூச்சு விட்டது.

இது நாட்டின் உயிரியல் கட்டுப்பாட்டு முயற்சிகளில் பெருமைக்குரிய ஒன்று. ஆயினும் செடி வந்ததற்கும் தீர்வு கிடைத்ததற்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் விவசாயிகள் இழந்ததற்கு எவரும் ஈடு வழங்கவில்லை. செடி இன்னது என்று சரியாக அடையாளம் காண்பதில் நேரும் பிழை, களத்தில் எத்தனை ஆண்டுகளைப் பலிகொள்ளும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. கடையில் ஒரு செடி எந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்பதைக் கூடப் பதிவு செய்யாத ஒரு வர்த்தகத்தில், இதே பிழை நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கும்.

இந்தியா பாதிக்கப்பட்ட நாடு மட்டுமே என்று கருதுவதும் தவறு. ஆசியாவுக்கு உரிய ஹைட்ரில்லா, நம் குளங்களில் காலங்காலமாக வாழும் செடி. 1950-களின் தொடக்கத்தில் அது இலங்கையிலிருந்து மீன் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குச் சென்றது. அங்கே வெளியேறிப் பரவி, அந்நாட்டின் மிகக் கொடிய நீர்க்களைகளுள் ஒன்றாகிவிட்டது. செடியின் மீது குற்றமில்லை. அதன் எதிரிகளும் பருவங்களும் இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் விடும் மனிதர்களின் கவனக்குறைவே குற்றம். ஆகவே இதை அந்நிய எதிர்ப்பு முழக்கமாக்கிவிடாமல், நிர்வாகப் பிரச்னையாகப் பார்ப்பதே அறிவுடைமை.

நிர்வாகம் என்றதும் முதலில் எழுவது அதிகாரப் பங்கீடு பற்றிய கேள்வி. வெளிநாட்டு வர்த்தகமும் இறக்குமதியும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மத்தியப் பட்டியலில் உள்ளன. வேளாண்மை, பூச்சிகளிலிருந்தும் நோய்களிலிருந்தும் பயிர்ப் பாதுகாப்பு, மீன்வளம், நீர், மாநிலத்துக்குள் நடைபெறும் வணிகம் ஆகியவை மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. தாவரங்களைத் தாக்கும் தொற்று நோய்களும் பூச்சிகளும் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. துறைமுகத்தில் செடியை அனுமதிப்பது தில்லி, அது பரவிய பிறகு ஆள் வைத்து அள்ளுவது மாநில அரசும் ஊராட்சியும். அனுமதிக்கும் அதிகாரம் ஓரிடத்தில், அதன் செலவு வேறோரிடத்தில் என்ற இந்த முரண்பாடு மாநில உரிமைகளில் அக்கறை கொண்ட எவரையும் உறுத்தவே செய்யும்.

மத்திய அரசுக்குள்ளும் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. தாவரங்களின் இறக்குமதியை வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள தாவரத் தனிமைப்படுத்தல் அமைப்பு கண்காணிக்கிறது. அலங்கார மீன் வளர்ப்பை ஊக்குவிப்பது மீன்வளத் துறை, ஈரநிலங்களையும் வன உயிர்களையும் காப்பது சுற்றுச்சூழல் அமைச்சகம், நதிகளைப் பராமரிப்பது ஜல சக்தி அமைச்சகம். ஒரு கைப்பிடிச் செடி இத்தனை அமைச்சகங்களின் வாசலைக் கடந்து ஓடையை அடைகிறது. எந்த வாசலிலும் அது நிறுத்தப்படுவதில்லை.

சட்டங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. அழிவு விளைவிக்கும் பூச்சிகள் சட்டம் 1914-இல் ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2003-இல் பிறப்பிக்கப்பட்ட தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இறக்குமதியை ஒழுங்குபடுத்துகிறது. ஆனால் நாட்டுக்குள் ஏற்கெனவே பெருக்கப்பட்டு, கடைக்குக் கடை கைமாறும் செடியை அந்த ஆணை தீண்டாது. 1914 சட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும் அதிகாரம் உண்டு. ஆப்பிளைத் தாக்கும் சான் ஜோஸ் செதில் பூச்சிக்காகவும் உருளைக்கிழங்கின் கரணை நோய்க்காகவும் அது பயன்பட்டிருக்கிறது. பணப்பயிருக்குக் காட்டிய அந்த அக்கறையை ஓடைக்கும் குளத்துக்கும் காட்ட எவருக்கும் தோன்றவில்லை.

இச்சட்டத்துக்கு மாற்றாக, வேளாண் உயிரிப் பாதுகாப்பு மசோதா 2013-இல் மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. 2014-இல் அந்த மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியாயிற்று. நூறாண்டுகளைக் கடந்த ஒரு சட்டத்தை மாற்ற முனைந்த அம்முயற்சி விவாதமின்றியே மறைந்து போனதை நாடாளுமன்றம் பெரிதாகக் கருதவில்லை.

வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இத்துறையில் ஒரு முன்னேற்றம் என்பதை மறுக்க இயலாது. ஊடுருவும் அயல் இனங்கள் என்ற சொற்றொடர் முதன்முறையாக அச்சட்டத்தில் விளக்கம் பெற்றது. அத்தகைய இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. வைத்திருப்பதையே கட்டுப்படுத்தலாம் என்று வங்கச் சட்டம் 1936-இல் கூறியதை, 86 ஆண்டுகளுக்குப் பிறகு நாடு முழுமைக்கும் கூற முடிந்திருக்கிறது.

ஆனால் அந்த விளக்கத்தில் இரு குறைகள் உள்ளன. இந்தியாவுக்கு உரியதல்லாத இனங்களை மட்டுமே அது கருத்தில் கொள்கிறது. நாட்டின் ஒரு மூலைக்கு உரிய இனம், வேறொரு மூலையில் போய்ப் பகையாகும்போது அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அடுத்து, வன உயிருக்கோ அதன் வாழிடத்துக்கோ தீங்கு நேர்ந்தால்தான் அச்சட்டம் விழித்தெழும். நெல் வயலும் பாசன வாய்க்காலும் மீனவரின் வலையும் பாதிக்கப்பட்டால், அவற்றை வன உயிரின் வாழிடம் என்று நிரூபித்தாக வேண்டும். ஆவளப்பாண்டி விவசாயி தன் ஓடையை இழப்பது ஒரு பறவைக்கு நேரும் இழப்பாக மாறிய பிறகே தில்லியின் கவனத்துக்கு உரியதாகும் என்றால், அது என்ன நீதி?

பட்டியல்கள் இல்லாமலில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் ஊடுருவும் அயல் இனங்களைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. நிபுணர்கள் தம் கடமையைச் செய்திருக்கின்றனர். எனினும் அறிவுரைப் பட்டியல் வேறு, தடைப் பட்டியல் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே கபோம்பா கரோலினியானா இடம்பெற்றது. அதன்படி அச்செடியை விற்கவோ வளர்க்கவோ எடுத்துச் செல்லவோ அங்கே அனுமதியில்லை.

சிறு வணிகர்களின் பிழைப்பு என்ன ஆவது என்ற கேள்வி நியாயமானது. சென்னை கொளத்தூரிலும் கொல்கத்தாவிலும் வண்ண மீன் வர்த்தகத்தை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுள் பலர் வீட்டு முற்றத்தில் தொட்டி கட்டித் தொழில் செய்பவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினரும் உண்டு. ஒரே இரவில் எல்லாவற்றையும் தடை செய்வதாக அறிவித்துவிட்டுச் சோதனை என்ற பெயரில் அதிகாரிகளை ஏவினால், கையூட்டுக்கு இன்னொரு வாசல் திறக்குமே தவிர, ஓடைகள் தூய்மையாகா.

ஆனால் தடைக்கும் பிழைப்புக்கும் இடையே பகை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. தொட்டிகளில் வைக்கத்தக்க செடிகளுள் அபாயகரமானவை சிலவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன், லாஜெனாண்ட்ரா, ரொட்டாலா போன்றவற்றை உலகமே விரும்பி வாங்குகிறது. அவற்றைக் காட்டிலிருந்து பறிக்காமல், பண்ணைகளில் பெருக்கி விற்க அரசு பயிற்சியும் கடனும் தரலாம். நியூசிலாந்தில் அரசும் நாற்றங்கால் உரிமையாளர்களும் 2001-இல் உடன்பாடு செய்துகொண்டு, விற்கக்கூடாத செடிகளைத் தாமே பட்டியலிட்டனர். வணிகரைக் குற்றவாளியாக நடத்தாமல் காவலராக்கிய முன்னுதாரணம் அது.

ஏற்கெனவே பரவிவிட்ட செடிக்குத் தடை விதித்து என்ன பயன் என்போரும் உண்டு. கேரளத்தின் சில ஓடைகளில் இருப்பது வேறு, நாட்டின் எல்லா ஏரிகளிலும் இருப்பது வேறு. தடை ஏற்கெனவே இழந்ததை மீட்காது. இன்னும் இழக்காததைக் காக்கும். கபோம்பாவுக்கு அடுத்து எந்தச் செடி காத்திருக்கிறது என்பதை எவரும் அறியார். கூரியரில் வரும் ஒரு பொட்டலத்துக்குள் எல்லைகளைக் கடந்துவிடும் காலம் இது.

செலவுக் கணக்கும் இதையே வலியுறுத்துகிறது. பல்லுயிர்ச் சூழல் குறித்த அரசுகளுக்கிடையிலான அறிவியல் குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஊடுருவும் அயல் இனங்களால் உலகுக்கு நேர்ந்த ஆண்டு இழப்பு 2019-இல் 42,300 கோடி டாலரைக் கடந்ததாகக் கூறுகிறது. 1970 முதல் இத்தொகை ஒவ்வொரு பத்தாண்டிலும் குறைந்தது நான்கு மடங்காகி வந்திருக்கிறது. அதில் 92 சதவீதம் அவை விளைவித்த சேதம், கட்டுப்படுத்தச் செலவிட்டது வெறும் 8 சதவீதம். இதற்கெனத் தனிச் சட்டமோ விதிகளோ கொண்ட நாடுகள் 17 சதவீதம் மட்டுமே. தடுக்கச் செலவிடாதவர்கள் இழப்பாகச் செலுத்துகின்றனர் என்பதே இதன் பொருள்.

பல்லுயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை 1994-இல் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. அயல் இனங்கள் நுழைவதைத் தடுக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் கடப்பாடு. 2022 டிசம்பரில் மான்ட்ரியாலில் உலக நாடுகளோடு சேர்ந்து இந்தியா ஏற்றுக்கொண்ட இலக்குகளில், இத்தகைய இனங்களின் நுழைவையும் நிலைகொள்ளலையும் 2030-க்குள் குறைந்தது பாதியாகக் குறைப்பதும் ஒன்று. மாநாட்டு மேடையில் அளித்த அந்த உறுதிமொழி, கடைத்தெருவில் உள்ள மீன் கடை வரை இறங்கி வர வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ஊடுருவும் நீர்ச்செடிகளுக்குச் சட்ட வலிமையுள்ள தடைப் பட்டியலை வகுத்து, ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். பட்டியலில் ஓர் இனத்தைச் சேர்க்கக் கோரும் உரிமை மாநிலங்களுக்கு வேண்டும். அக்கோரிக்கை மீது மத்திய அரசு காலவரையறைக்குள் முடிவெடுத்தாக வேண்டும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நேரும் தீங்கும் சட்டத்தின் விளக்கத்துக்குள் வர வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு நீர்ச்செடியும் தன் அறிவியல் பெயரைத் தாங்கியிருக்க வேண்டும். தொட்டிச் செடியைக் குளத்தில் கொட்டாமல், உலர்த்தி அழிக்கும் முறையை ஒவ்வொரு கடையும் வாங்குபவரின் தாய்மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும். பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் உள்ள மேலாண்மைக் குழுக்கள் புதிய செடியைக் கண்டதும் தெரிவிக்க ஓர் இடமும், தெரிவித்ததும் அகற்ற ஒரு நிதியும் இருக்க வேண்டும். மத்திய அனுமதியால் வந்த கேட்டை அகற்றும் செலவில் மத்திய அரசும் பங்கேற்க வேண்டும்.

சீமைக் கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றமே ஆணையிட நேர்ந்த நிலையைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. நிர்வாகம் உறங்கியதால் நீதிமன்றம் எழுந்தது. வேர்விட்ட பின் வெட்டுவது எத்தனை கடினம் என்பது தமிழக விவசாயிக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளைதாக முள்மரம் கொல்க என்று வள்ளுவர் எச்சரித்தது பகையைப் பற்றித்தான் என்றாலும், அந்த அறிவுரை செடிகளுக்கும் பொருந்தும்.

ஆவளப்பாண்டியில் பூத்தது ஓர் எச்சரிக்கை. அதைப் பூ என்று எண்ணிப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள் சாதாரண மக்கள், அவர்களை மன்னிக்கலாம். எச்சரிக்கை என்று அறிந்தும் கோப்புகளுக்குள் வைத்து மூடிவிடும் அரசுகளை ஓடைகளும் மன்னிக்கப் போவதில்லை, உழவர்களும் மன்னிக்கப் போவதில்லை.